கொரியாச் சொல்லும் குருட்டுப் பாடமும்

(மயிலாப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)



நான் பேச எடுத்துக் கொண்ட விஷயத்தைத் தலைவர் அவர்கள் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்தீர்கள். சாதியைப் பற்றிப் பேசுவான், சாமியைப் பற்றிப் பேசுவான், ஜோசியத்தைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்த உங்களுக்கு, பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டுக் கொண்டு மொட்டை மாடியில் உதைத்துப் பழகுகிற டேக்வாண்டோவைப் பற்றி இவன் என்ன பேசப் போகிறான் என்று தோன்றுவது சகஜந்தான். நான் அந்த வித்தையைக் கற்றவனுமல்ல. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இந்த வயதில் என்னை இடுப்பு உயரத்துக்குக் காலைத் தூக்கச் சொன்னால், பிறகு என்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். என்றாலும் ஆறு மாதமாக இந்த விஷயத்தில் என் மூக்கு நுழைந்துவிட்டது. நுழைந்ததால் என் வீட்டிலேயே ஒரு சங்கடமும் வந்தது. அதைச் சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் குறையும்.

என் தங்கை மகளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த மயிலாப்பூரிலேதான், லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், வாரம் மூன்று நாள் மாலையில் பழகுகிறாள். இந்த ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தெருவுக்குத் தெரு கராத்தே, டேக்வாண்டோ என்று போர்டு தொங்குகிறது. பெண் குழந்தைகள் உதைக்கவும் குத்தவும் கற்றுக் கொள்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். நம்முடைய பாட்டிமார்களுக்கு ஓடக்கூடத் தடை இருந்தது. பேத்திமார்கள் உதைக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இருக்க முடியுமா?

ஒரு நாள் அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். சாரியொத், கியொங்னே, ஜூன்பி, சிஜாக் என்று பக்கம் பக்கமாக எழுதி இருந்தது. "இது என்னம்மா, மந்திரமா?" என்றேன். "கொரியா பாஷை மாமா. பரீட்சையில் கேட்பார்கள்" என்றாள். "அர்த்தம்?" என்றேன். "மாஸ்டர் சாரியொத் என்றால் நேராக நிற்போம். கியொங்னே என்றால் குனிந்து வணங்குவோம். ஜூன்பி என்றால் தயாராவோம். சிஜாக் என்றால் ஆரம்பிப்போம்" என்றாள். சரி, இவளுக்கு அர்த்தம் தெரிந்திருக்கிறது. "நியுன்ஜா சொகி?" என்றேன். ஒரு காலைப் பின்னே வைத்து, ஒரு காலை முன்னே வைத்து நின்று காட்டினாள். "அது சரி, நியுன்ஜா என்றால் என்ன?" "அது பேர் மாமா." "என்ன பேர்?" "அப்படித்தான் பேர்."

தோழர்களே! இந்த "அப்படித்தான்" என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். கலியாண வீட்டில் புரோகிதர் சொல்வதைத் திருப்பிச் சொல்கிற மாப்பிள்ளையைக் கேளுங்கள், அவனும் அப்படித்தான் என்பான்.

இதைப் பற்றி ஒரு தோழரிடம் பேசிக் கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "வடமொழி மந்திரம் வேண்டாம் என்கிறோம். நம் பிள்ளைகள் கொரியா மந்திரத்தை வாயில் போட்டுக் கொள்வது மட்டும் தகுமா? சிலம்பம் இல்லையா? குத்துவரிசை இல்லையா?" இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் போனால் நாம் சொல்வதெல்லாம் பாஷை துவேஷம் என்றுதான் முடியும். ஆகவே நான் உட்கார்ந்து அந்தச் சொற்களைப் படிக்க ஆரம்பித்தேன். இந்தச் சென்னையில் அதற்கு வசதி உண்டு. ஹூண்டாய் மோட்டார் கம்பெனி 1996-ல் ஏற்பட்டு இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்ததிலிருந்து கொரியர்கள் ஆயிரக்கணக்கில் இங்கு வந்து வசிக்கிறார்கள். 2006 முதல் இன்கோ மையம் என்ற கலாசார நிலையம் இருக்கிறது. அங்கே கொரிய மொழியும் கற்பிக்கிறார்கள். நான் வகுப்புக்குப் போகவில்லை. புத்தகத்தை வைத்துக் கொண்டும், வேலைக்காக அந்த மொழியைக் கற்ற ஒரு வாலிபத் தோழரைத் தொந்தரவு செய்தும் தெரிந்து கொண்டேன். தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

சாகி என்றால் உதைத்தல். மாக்கி என்றால் தடுத்தல். ஜிருகி என்றால் குத்துதல். சொகி என்றால் நிற்றல். எல்லாம் "கி" என்று ஏன் முடிகிறது என்று பாருங்கள். நாம் உதை, தடு, நில் என்ற வினைகளோடு "தல்" சேர்த்துப் பெயராக்குகிறோமல்லவா, அதுபோல் அவர்கள் "கி" சேர்க்கிறார்கள். யோப் என்றால் பக்கம். யோப் சாகி என்றால் பக்க உதை. சொல் வரிசைகூட நம்முடைய வரிசைதான். நஜுண்டே என்றால் தாழ்வான இடம். நஜுண்டே மாக்கி என்றால் கீழ்த் தடுப்பு. இதில் எங்கே இருக்கிறது மந்திரம்? சியோல் தெருவில் பந்து உதைக்கிற பையன் வாயில் புழங்குகிற சொல் இது. நம் பிள்ளைகளுக்கோ இதை இங்கிலீஷ் வழியாகச் சுற்றி வளைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொரியாவிலிருந்து மயிலாப்பூருக்கு லண்டன் வழியாக வருவானேன்? தமிழில் நேராகச் சொன்னால் ஒரு நாளில் விளங்கும்.

இப்போது அந்த நியுன்ஜாவுக்கு வருகிறேன். நியுன் என்பது கொரிய எழுத்து ஒன்றின் பெயர். நம்முடைய "ந்" ஓசைக்கு உரிய எழுத்து. ஜா என்றால் எழுத்து. அதன் வடிவம் எப்படி இருக்கும் தெரியுமா? ஏறக்குறைய நம்முடைய "ட" மாதிரி இருக்கும். மேலிருந்து ஒரு கோடு இறங்கி வலப்பக்கம் திரும்பும், அவ்வளவுதான். அந்த நிலையில் நிற்பவனின் பாதங்களை மேலிருந்து பார்த்தால், பின் பாதம் பக்கவாட்டில் திரும்பி, முன் பாதம் நேராக, அந்த எழுத்தின் உருவம் தெரியும். (வலது இடது மாறினால் எழுத்தும் திரும்பிக் கொள்ளும், அது கிடக்கட்டும்.) உடம்பின் பாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பின் காலில் இருக்க வேண்டுமாம். இதை அந்தப் பெண்ணிடம் "ட நிலையம்மா" என்று சொன்னேன். உடனே குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பின் பாதம் கோணலாக இருந்தது. தானே திருத்திக் கொண்டாள். இரண்டு வருஷம் மாஸ்டர் கத்திக் கத்தித் திருத்திய பாதம், தோழர்களே! சொல்லின் அர்த்தம் தெரிந்த நிமிஷத்தில் தன்னால் திரும்பியது. அர்த்தம் என்பது அலங்காரமல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி எனக்கு வேண்டியதில்லை.

அந்த எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் செய்தது கடவுளல்ல, ஒரு ராஜா. செஜோங் என்பவர் 1443-ல் செய்து முடித்து 1446-ல் வெளியிட்டார். 28 எழுத்துக்கள். ஓசை பிறக்கும்போது வாயும் நாக்கும் இருக்கிற வடிவத்தைப் பார்த்துச் சில எழுத்துக்களைச் செய்தார்கள். நியுன் என்பது மேலண்ணத்தைத் தொடுகிற நாக்கின் வடிவம். அதற்கு முன் கொரியாவில் படிப்பென்றால் சீன எழுத்து. அது பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது. பாமர மக்களும் படிக்கட்டும் என்று இந்த எழுத்தைச் செய்தவுடன், 1444-லேயே அரண்மனைப் பண்டிதர்கள் கூடி இது கூடாது என்று மனுக் கொடுத்தார்கள். பண்டிதன் எந்த ஊரிலும் பண்டிதன்தான் போலிருக்கிறது!

நிற்க. அந்த வித்தையில் முக்கியமான பாகம் ஒன்று உண்டு. தனியாக நின்று, எதிரில் ஆள் இருப்பதாகப் பாவித்து, திசை திரும்பித் திரும்பித் தடுத்தும் குத்தியும் உதைத்தும் செய்கிற பாடங்கள். நம்முடைய குத்துவரிசையில் இருக்கிற வரிசைதான். அவர்கள் ஒரு சங்கத்தில் அதைத் துல் என்கிறார்கள், மற்றொரு சங்கத்தில் பூம்சே என்கிறார்கள். என் தங்கை மகள் பழகுவது துல். மொத்தம் 24 துல்கள். நாளின் 24 மணியைக் குறிக்கிறதாம். முதல் வரிசைக்குச் சொன்ஜி என்று பெயர், வானமும் பூமியும் என்று பொருள். 19 அசைவுகள். நான்கு திசையிலும் கீழ்த் தடுப்பும் குத்துமாக எட்டு, மறுபடி நான்கு திசையிலும் நடுத் தடுப்பும் குத்துமாக எட்டு, கடைசியில் மூன்று குத்து.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. வரிசையை எந்த இடத்தில் ஆரம்பித்தோமோ அதே இடத்தில் வந்து முடிக்க வேண்டும். என் தங்கை மகள் மாடியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டுக் கொண்டு ஆரம்பிப்பாள். முடிக்கும்போது வட்டத்துக்கு அரை அடி தள்ளி நின்றால், எங்கேயோ ஒரு எட்டு நீண்டுவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று தெரிந்து போகும். குரு வந்து சொல்ல வேண்டியதில்லை, அந்த வட்டமே சொல்லும். தப்பைத் தானே கண்டு பிடித்துக் கொள்ள மாணாக்கனுக்கு வழி வைத்திருக்கிற பாடத்தை நான் மெச்சுகிறேன். எங்கள் ஊரில் என் சிறு வயதில் கம்பு சொல்லிக் கொடுத்த வாத்தியார் ஒருவர் கடைசிப் பாடத்தை மாத்திரம் சொல்லவே மாட்டார். ஏனென்றால் சிஷ்யன் நாளைக்குத் தன்னையே அடித்துவிடுவானாம். அவர் செத்துப் போனார், பாடமும் அவரோடு போயிற்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் கட்டுகிற பெல்ட்டில் வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று படிகள் இருக்கின்றன. ஒரு தோழர் இதைப் பார்த்து, "இதுவும் ஒரு வருணாசிரமமாக இருக்கிறதே" என்றார். நான் சொன்னேன், கறுப்பு பெல்ட்டுக்காரனுக்குப் பிறந்த பிள்ளை கறுப்பு பெல்ட்டோடு பிறப்பதில்லை. அதுவும் வெள்ளையில்தான் தொடங்க வேண்டும். அதுபோலவே வணக்கமும். பிள்ளைகள் மாஸ்டருக்குக் குனிகிறார்கள், மாஸ்டரும் பிள்ளைகளுக்குக் குனிகிறார். காலில் விழுந்த பக்தனுக்குத் திரும்ப விழுந்த சாமியாரை நீங்கள் யாராவது பார்த்ததுண்டா?

இவ்வளவு தூரம் நான் அந்த வித்தைக்கு வக்காலத்து வாங்கிப் பேசியாயிற்று. இனிமேல்தான் தகராறு.

இந்த வரிசைகளுக்கு வைத்திருக்கிற பெயர்கள் பெரும்பாலும் கொரியப் பெரியார்களின் பெயர்கள். ஏன் அப்படி வைத்தார்கள் என்பது நமக்கு எளிதில் விளங்கும். 1910 முதல் 1945 வரை அந்தத் தேசம் ஜப்பான் ஆட்சியில் கிடந்தது. கடைசிக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் அவர்களுடைய மொழிக்கே இடமில்லாமல் செய்தார்கள். 1940-ல் சொந்தப் பெயரையே ஜப்பானியப் பாணியில் மாற்றிக் கொள்ளச் சொன்னார்கள். பெயரைப் பறிகொடுத்தவன் விடுதலை பெற்றதும் எதை எதற்கெல்லாமோ தன் பெயரை வைப்பது இயற்கையல்லவா? தோசான் என்ற வரிசை, கல்விக்கும் விடுதலைக்கும் உழைத்த ஆன் சாங் ஹோ என்பவரின் புனைபெயர். ஜூங்குன் என்பது, ஜப்பானின் பெரிய மந்திரியாக இருந்த இட்டோவை 1909-ல் சுட்ட ஆன் ஜூங்குன். அந்த வரிசையில் 32 அசைவுகள். 1910-ல் தூக்கிலிட்டபோது அவருக்கு வயது 32 என்று சீட்டில் எழுதி இருக்கிறது. அவர் பிறந்தது 1879 செப்டம்பர். நம் கணக்கில் முப்பதுதான் வருகிறது. தப்பைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. அப்புறம் விசாரித்தால், கொரியர்களின் பழைய கணக்கில் பிறந்தவுடனே ஒரு வயது, ஒவ்வொரு புது வருஷத்துக்கும் ஒரு வயது. அந்தக் கணக்குப்படி 32 சரிதான். அந்தக் கணக்கைத் தென் கொரியாவில் 2023-ல்தான் சட்டம் போட்டுச் சர்க்கார் காரியங்களிலிருந்து நீக்கினார்கள். ஆகவே அங்கே அவசரப்பட்டது நான்.

ஆனால் பழமைப் பெருமை என்று ஒன்று சொல்கிறார்களே, அங்கே அவசரம் என்னுடையதல்ல. இது இரண்டாயிரம் வருஷத்துக் கலை என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே கை ஓங்கி நிற்கிற ஒரு பழைய கல்லறைச் சித்திரத்தை அத்தாட்சியாகக் காட்டுகிறார்கள். மல்யுத்தம் செய்கிற சிற்பம் நம் கோவில் தூண்களிலும் இருக்கிறது, அதனால் மயிலாப்பூரில் அன்றைக்கே டேக்வாண்டோ இருந்தது என்று சொல்லலாமா? டேக்வாண்டோ என்ற பெயர் வைக்கப்பட்டது 1955 ஏப்ரல் 11-ந் தேதி. அந்தப் பெயருக்கும் இந்தத் துல்களுக்கும் முக்கியமான கர்த்தா சோய் ஹாங் ஹீ என்ற ராணுவத் தளபதி. அவர் ஜப்பானில் படித்த காலத்தில் கராத்தே கற்றவர். 1966-ல் சர்வதேசச் சங்கம் வைத்தார். 1972-ல் சர்க்காரோடு மனஸ்தாபப்பட்டுக் கனடாவுக்குப் போனார். 1973-ல் சியோலில் வேறொரு உலகச் சங்கம் ஏற்பட்டது. 1988-ல் காட்சிப் பந்தயமாகவும், 2000-ல் சிட்னியில் பதக்கப் பந்தயமாகவும் ஒலிம்பிக்கில் ஏறியது இந்த இரண்டாவது சங்கத்தின் முறைதான். கோதாங் என்று ஒரு வரிசை இருந்தது. அது வட கொரியாவில் கம்யூனிஸ்டுகள் சிறை வைத்த ஒரு தேசபக்தரின் பெயர். 1980-களில் சோய் வட கொரியாவோடு சிநேகமானதும் அந்த வரிசை எடுபட்டு, ஜூசே என்ற வட கொரிய அரசுக் கொள்கையின் பெயரில் ஒரு வரிசை வந்து உட்கார்ந்தது. மனிதன் செய்தான், மனிதன் மாற்றினான். அதில் எனக்குக் குறையில்லை. அதை அநாதி என்று சொல்லாதே என்றுதான் சொல்கிறேன்.

இப்போது என் வீட்டுச் சங்கடத்துக்கு வருகிறேன். நாலாவது வரிசைக்கு வோன்ஹியோ என்று பெயர். 28 அசைவுகள். சீட்டில் என்ன எழுதி இருக்கிறது? "686-ம் வருஷத்தில் சில்லா ராஜ்யத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டு வந்த துறவி." உலகம் பூராவும் அந்தச் சங்கத்துப் பிள்ளைகள் இப்படித்தான் ஒப்பிக்கிறார்கள். ஆனால் சில்லா ராஜ்யம் பௌத்தத்தை அங்கீகரித்தது 527-ல். வோன்ஹியோ பிறந்தது 617-ல். 686 என்பது அவர் செத்துப் போன வருஷம்! தாம் பிறப்பதற்குத் தொண்ணூறு வருஷம் முந்தியே வந்துவிட்ட மதத்தை, தாம் செத்த வருஷத்தில் அவர் கொண்டு வந்ததாகப் பாடம். உண்மை வோன்ஹியோ இந்தச் சீட்டு வோன்ஹியோவைவிட மேலானவர். காவியைக் கழற்றி வைத்து, கலியாணம் செய்து கொண்டு, பிள்ளை பெற்று, சாமானிய ஜனங்களுக்கு நடுவே ஆடிப் பாடிக் கொண்டு போதித்தார் என்று அவர்களுடைய பழைய நூல்களே சொல்கின்றன.

இதை நான் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவளும் பரீட்சையில் சொன்னாள். பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்திருந்தவர், "சீட்டில் இருப்பதைச் சொல்லு" என்றாராம். "சீட்டில் இருப்பது தப்பு சார்" என்று இவள் வருஷங்களைச் சொல்லி இருக்கிறாள். கூட நின்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் பெல்ட் மாறியது, இவளுக்கு மாறவில்லை. உதைத்தது நன்றாகத்தான் இருந்ததாம். வாய்தான் நீளமாம்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. அது எனக்கு அழுததைவிடக் கஷ்டமாக இருந்தது. என் தங்கைதான் பேசினாள். "அண்ணே, பரீட்சைப் பணம் கட்டினது நான். மூணு மாசம் ராத்திரி பகலாப் பழகினது அவ. உன் சண்டையை நீ மேடையிலே போட்டுக்கக் கூடாதா? சீட்டிலே இருக்கறதைச் சொல்லிட்டு பெல்ட்டை வாங்கிட்டு வந்திருப்பாளே!" பதில் பேச முடியவில்லை, தோழர்களே. பிரசாரம் நான் செய்தது, பெல்ட் போனது அவளுக்கு. மேடையில் தைரியமாகப் பேசுகிற நம்மைப் போன்றவர்கள் எத்தனை வீட்டில் இப்படிச் செய்திருப்போம் என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவளுடைய மாஸ்டரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். வாலிபப் பிள்ளை. ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து, கூலி வேலை செய்து கொண்டே கற்றவர். நான் கொண்டு போன வருஷங்களை நிதானமாகப் படித்தார். "எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் இப்படித்தான் சொன்னார் சார். அவருக்கு அவர் மாஸ்டர். புத்தகத்திலேயே அப்படித்தான் அச்சாகி இருக்கிறது. நான் ஒருத்தன் மாற்றினால் என் பிள்ளைகள்தான் மேல் பரீட்சையில் தோற்பார்கள்" என்றார். எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. தெரிந்து மறைக்கிறவன் வேறு, தெரியாமல் ஒப்பிக்கிறவன் வேறு. புரோகிதனைத் திட்டுகிற வாயால் இந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அவர் அதோடு விடவில்லை. "சீட்டுக்குப் பின்பக்கம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நீங்கள் ஏன் சார் கேட்கவில்லை?" என்றார். பின்பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? காஞ்சீபுரத்துப் பல்லவ ராஜகுமாரர் போதிதர்மர் சீனாவுக்குப் போய்ச் சண்டைக் கலையைக் கற்பித்தார், அதிலிருந்தே குங்ஃபூவும் கராத்தேயும் டேக்வாண்டோவும் வந்தன, ஆகவே இது நம்முடைய கலை என்று எழுதி இருந்தது. தோழர்களே, நான் அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டுச் சந்தோஷமும் பட்டிருந்தேன். கொரியனுடைய 686-ஐத் துருவித் துருவிப் பார்த்த எனக்கு, காஞ்சீபுரத்தைத் துருவத் தோன்றவில்லை. நம்மைப் புகழ்ந்தால் நமக்கும் புத்தி கொஞ்சம் மழுங்குகிறது.

பிறகு அதையும் பார்த்தேன். போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ம் வருஷத்தைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய ராஜா ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சீபுரமும் பல்லவரும் அவற்றில் இல்லை, பின்னாளில் ஒட்டிக் கொண்டவை. அவர் சண்டைப் பயிற்சி கொடுத்தார் என்பதற்கு மூலம் ஒரு தேகப் பயிற்சி நூல். அது அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழித்து, பதினேழாம் நூற்றாண்டில் எழுதி அவர் பெயரைப் போட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் போலி என்று தள்ளிவிட்டார்கள். 2011-ல் ஏழாம் அறிவு சினிமா வந்த பிறகு நம் ஊரில் இதைச் சந்தேகித்தால் தமிழ்த் துரோகி என்கிறார்கள். துரோகி என்ற பட்டம் நமக்குப் புதிதா என்ன!

இதே ரகத்தில் மற்றொன்றும் உண்டு. கொரியர்கள் அப்பாவை அப்பா என்கிறார்கள், அம்மாவை ஒம்மா என்கிறார்கள், ஆகவே அவர்கள் தமிழர்கள் என்று ஒரு பிரசாரம். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். பின்னால் வந்த மொழி ஆராய்ச்சியாளர்கள் அந்த உறவை ஒப்பவில்லை. குழந்தையின் வாயில் முதலில் எளிதாக வருவது மாவும் பாவும். அதை வைத்துக் கொண்டு உலகத்தில் பாதி ஜாதியாரை நமக்கு உறவாக்கிவிடலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் ஹனா, துல், செத் என்கிறார்கள். உறவு எங்கே போயிற்று? உறவு இல்லாவிட்டால்தான் என்ன? உறவுக்காரனுடையதாக இருந்தால்தான் நல்லதை எடுத்துக் கொள்வோமா? நம்முடைய கபடியைக் கொரியர்கள் எடுத்துக் கொண்டு, கபடி கபடி என்றே பாடி ஆடி, 2018 ஆசியப் பந்தயத்தில் நம் இந்தியக் கட்சியையே 24-க்கு 23 என்று தோற்கடித்தார்கள். கபடி தங்கள் பாட்டன் சொத்து என்று அவர்கள் ஒரு கதை கட்டிக் கொண்டு ஆடவில்லை. பழகினார்கள், ஜெயித்தார்கள்.

ஆகையால் அந்தத் தோழர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: சாரியொத் என்று மயிலாப்பூரில் சொன்னாலும் மெக்ஸிகோவில் சொன்னாலும் பழகுகிறவன் நேராக நிற்கிறான். பந்தயத்துக்குப் போகிற பிள்ளைக்கு அந்தச் சொல் வேண்டும். அது அந்நியச் சொல் என்று நான் தள்ளமாட்டேன். சிலம்பமும் பழகட்டும், இதுவும் பழகட்டும். சொல்லிக் கொடுக்கிறவனைப் பிள்ளை "ஏன்" என்று கேட்க முடிகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். கேட்டால் பெல்ட் போகும் என்றால், அது கொரியாவானாலும் காஞ்சீபுரமானாலும் எனக்கு ஒன்றுதான்.

அந்த மாஸ்டரும் நானும் ஒரு காரியம் செய்தோம். சீட்டில் கொரியாச் சொல் ஒரு பத்தி, இங்கிலீஷ் ஒரு பத்தி இருந்தது. மூன்றாவது பத்தியாகத் தமிழ் அர்த்தம் போட்டோம். சாகி உதைத்தல், மாக்கி தடுத்தல், நியுன்ஜா சொகி ட நிலை. பின்பக்கத்துப் போதிதர்மர் கதையை அவர் எடுத்துவிட்டார். இரண்டு தகப்பனார்கள் வந்து ஏன் எடுத்தாய் என்று சண்டை போட்டார்களாம். 686-ஐ மட்டும் அவர் தொடவில்லை. மேலே எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை.

வருகிற மாதம் மறுபடி பரீட்சை. என் தங்கை மகளிடம், "சீட்டில் இருப்பதையே சொல்லிவிடம்மா, பெல்ட் முக்கியம்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். வெட்கத்தோடுதான் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "சீட்டில் இப்படி இருக்கிறது, சரித்திரத்தில் இப்படி இருக்கிறது என்று இரண்டையும் சொல்லப் போகிறேன் மாமா. எதற்கு மார்க் போடுவதென்று அவர் முடிவு பண்ணிக் கொள்ளட்டும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆனால் பரீட்சைக்கு நீங்கள் மட்டும் வராதீர்கள்" என்றாள்.

நான் போவதாக இல்லை. இனி தாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.